முப்பது வயதுக் கட்டடங்களை யார் காப்பாற்றுவது? – கலிபோர்னியாவின் கூகி பாணிக் கடைகள்

தெருவிளக்கு எழுதியது:

போன மாதம் ஊரிலிருந்து அம்மா வந்திருந்தபோது, டிஸ்னிலாண்டுக்குப் போகிற வழியில் லாஸ் ஏஞ்சலஸ் பக்கத்து ஊரான டவுனியில் வண்டியை நிறுத்தினேன். லேக்வுட் சாலையில் இருக்கும் மெக்டொனால்ட்ஸ் அது. இன்றைக்கும் நடக்கிற மெக்டொனால்ட்ஸ் கடைகளில் மூத்தது. 1953 ஆகஸ்ட் 18-ஆம் தேதி திறந்தது. உள்ளே உட்கார இடம் கிடையாது. ஜன்னலில் பணம் கொடுத்து வாங்கிக்கொண்டு வெளியே வந்து உட்கார வேண்டும். சிவப்பும் வெள்ளையுமாக ஓடு பதித்த சுவர், முன்பக்கம் தூக்கிச் சாய்த்த கூரை, அந்தக் கூரையை இரண்டு பக்கமும் துளைத்துக்கொண்டு ஏறி இறங்கும் மஞ்சள் வளைவுகள். அம்மா கொஞ்ச நேரம் அண்ணாந்து பார்த்துவிட்டு, “கல்யாண வீட்டு வாசல்ல வளைவு கட்டின மாதிரி இருக்குடா” என்றார்கள். அதைவிடச் சரியாக யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. வழியில் போகிறவர்களை உள்ளே கூப்பிடுவதற்குத்தானே ஸ்டான்லி மெஸ்டன் என்ற கட்டடக்கலைஞர் அதை அப்படிக் கட்டினார்! இப்படிச் சாலையில் போகிறவர்கள் கண்ணை இழுக்கும்படி கட்டுவதைத்தான் கூகி பாணி என்கிறார்கள்.

சாலையோரத்தில் 60 அடி உயரத்துக்கு ஒரு பெயர்ப்பலகை நிற்கிறது. அது 1959-இல் வைத்தது. அதன் மேல் ஸ்பீடி என்கிற குட்டிச் சமையல்காரர், முகமே ஒரு ஹாம்பர்கர். கால் இருக்கிற இடத்தில் நியான் குழாய்கள் மாறி மாறி எரிவதால் ஓடிக்கொண்டே இருப்பார். இருட்டத் தொடங்கும் நேரம். அம்மா பொரித்த ஆப்பிள் பையைக் கையில் வைத்துக்கொண்டு, சாப்பிடாமல் அந்தக் காலையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

இந்தக் கடை 1994-இல் போயிருக்க வேண்டியது. நார்த்ரிட்ஜ் நிலநடுக்கத்தில் அடி வாங்கியது. காரிலிருந்தே வாங்கும் ஜன்னல் இல்லை, உள்ளே இருக்கை இல்லை, வியாபாரமும் குறைவு என்று சொல்லி நிறுவனம் மூடியது, இடிக்கவும் நினைத்தது. அந்த வருடம் பழைய கட்டடங்களைக் காக்கும் தேசிய அறக்கட்டளை தன்னுடைய ‘மிகவும் ஆபத்தில் இருக்கும் 11 இடங்கள்’ பட்டியலில் இதைச் சேர்த்தது. ஊர்க்காரர்களும் விடவில்லை. 1996-இல் பழுதுபார்த்துத் திறந்தார்கள்.

வீட்டுக்கு வந்து மற்ற கடைகளைப் பற்றி ஒரு தாளில் எழுதிப் பார்த்தேன். கட்டிய வருடம், இடித்த வருடம், இடையில் எத்தனை வயது.

வெஸ்ட்வுட் ஷிப்ஸ் காபிக்கடை 1958-இல் வந்தது, 1984-இல் போனது. வயது 26.
கல்வர் சிட்டி ஷிப்ஸ் 1957, 1995. வயது 38.
இந்தப் பாணிக்கே பெயர் கொடுத்த கூகீஸ் காபிக்கடை 1949, 1989. வயது 40.
கிரென்ஷா சாலையின் ஹாலிடே பவுல் என்ற பவுலிங் கூடம் 1958, 2003. வயது 45.

அமெரிக்காவின் தேசிய வரலாற்றுப் பதிவேட்டில் சேர ஒரு கட்டடத்துக்குப் பொதுவாக 50 வயது ஆகியிருக்க வேண்டும். தனிச்சிறப்பு இருந்தால் முன்னதாகவும் சேர்க்கலாம், ஆனால் அது அபூர்வம். மேலே இருக்கிற ஒன்றுகூட அந்த வயதைத் தொடவில்லை. முப்பது வயதில் ஒரு கட்டடம் பார்க்கிறவர்கள் கண்ணுக்குப் பழசாகிவிடுகிறது, சட்டத்தின் கண்ணுக்கோ அது இன்னும் பழமை ஆகவில்லை. நடுவில் இருக்கிற அந்த இருபது வருடத்தில்தான் பெரும்பாலானவை போகின்றன. இதைப் பற்றித் தெரிந்தவர்கள் எழுதுங்கள்.

---

கோட்டோவியன் எழுதியது:

கட்டடக்கலை படிக்கிறவன் என்பதால் பெயர்க்கதையை நான் சொல்கிறேன். ஹாலிவுட்டில் சன்செட் சாலையும் கிரெசன்ட் ஹைட்ஸும் சந்திக்கும் இடத்தில் ஜான் லாட்னர் வடிவமைத்த சிறிய காபிக்கடை அது. கடை முதலாளியின் மனைவியை வீட்டில் கூப்பிடும் செல்லப்பெயர்தான் ‘கூகி’. டக்ளஸ் ஹாஸ்கெல் என்ற விமர்சகர் 1952-இல் ‘ஹவுஸ் அண்ட் ஹோம்’ இதழில் இந்தக் கட்டடங்களைப் பற்றி எழுதியபோது அந்தப் பெயரையே பாணிக்கு வைத்துவிட்டார். பாராட்டி வைத்த பெயர் என்று நினைக்க வேண்டாம். கற்பனையாக ஒரு பேராசிரியரைப் பேசவிட்டு நக்கலாக எழுதியது. ஆனாலும் இந்தக் கட்டடங்கள் எப்படி யோசித்துச் செய்யப்பட்டவை என்பதை அவர் சரியாகப் பிடித்திருந்தார். கூரை பறப்பதுபோல இருக்க வேண்டும், எது எதைத் தாங்குகிறது என்று பார்த்தவுடன் பிடிபடக்கூடாது, எஃகு, கண்ணாடி, கல், பிளாஸ்டிக் எல்லாம் ஒரே இடத்தில் சேரலாம்.

லாட்னர் ஃபிராங்க் லாய்ட் ரைட்டிடம் பயின்றவர். அப்படிப்பட்டவருக்கே இந்தப் பெயர் ஒரு சுமையாக ஒட்டிக்கொண்டது. கட்டடக்கலைப் பள்ளிகளில் ‘கூகி’ என்றால் திட்டுவதற்கான சொல்லாக ரொம்ப காலம் இருந்தது. ஆசிரியர்களே மதிக்காத ஒன்றைக் காப்பாற்ற நகராட்சியில் யார் போய் நிற்பார்கள்? தெருவிளக்கு சொல்கிற இருபது வருடத்தோடு இந்த அலட்சியத்தையும் சேர்த்துக்கொள்ள வேண்டும்.

---

மண்ணும்கம்பியும் எழுதியது:

நான் ஸ்ட்ரக்சுரல் எஞ்சினியர். இந்தக் கடைகளை எனக்குப் பிடிப்பதற்குக் காரணம் வேறு.

1950-களின் சாலையை யோசித்துப் பாருங்கள். மணிக்கு நாற்பது மைல் வேகத்தில் வருகிறவன், கடையைப் பார்த்து, முடிவெடுத்து, பிரேக் போட்டுத் திரும்ப வேண்டும். எல்லாம் சேர்த்துச் சில விநாடி. சின்னப் பெயர்ப்பலகை வைத்தால் அவன் அதைப் படிப்பதற்குள் கடை பின்னால் போய்விடும். அதனால் கூரையையே பலகையாக்கினார்கள். லா சியெனெகா சாலையில் 1957-இல் ஆர்மெட் அண்ட் டேவிஸ் என்ற கட்டடக்கலை நிறுவனம் கட்டிய நார்ம்ஸ் உணவகத்தைப் பாருங்கள். கூரை ரம்பப்பல் மாதிரி முன்னால் நீட்டிக்கொண்டு வருகிறது. பெயரில் ஐந்து எழுத்து, ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக்கொடி. கீழே தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. ராத்திரியில் உள்ளே விளக்கு எரியும்போது, சாப்பிடுகிறவர்கள், காபி ஊற்றுகிறவர், தோசைக்கல் மாதிரி அகன்ற கல்லில் முட்டை போடும் சமையல்காரர் எல்லாம் தெருவுக்குத் தெரியும். தனியாக விளம்பரம் எதற்கு!

தூண் இல்லாமல் அவ்வளவு தூரம் நீட்டுவதற்குப் பின்பக்கம் சரியான எடையும் பிடிமானமும் வேண்டும். இப்படி ஒரு முனையை மட்டும் பிடித்து மறுமுனையை அந்தரத்தில் நீட்டுவதுதான் கேண்டிலீவர். அந்தக் கணக்கு தெரிந்தவர்களுக்கு அந்தக் கூரையைப் பார்த்தாலே கை துறுதுறுக்கும். போருக்குப் பிறகு எஃகும் பெரிய கண்ணாடிப் பலகையும் சல்லிசாகக் கிடைக்க ஆரம்பித்ததால்தான் ஒரு காபிக்கடைக்கு இதெல்லாம் கட்டுப்படியானது.

இன்னொரு விஷயம். லாஸ் ஏஞ்சலஸ் விமான நிலையத்தில் நான்கு காலில் பறக்கும் தட்டு நிற்பதுபோல ஒரு கட்டடம் இருக்கிறதே, தீம் பில்டிங், 1961-இல் கட்டியது. அந்த 135 அடி உயர வளைவுகள் முழுக் கான்கிரீட் என்றுதான் எல்லாரும் நினைப்பார்கள். கீழ்ப்பகுதிதான் கான்கிரீட். மேலே உள்ளீடற்ற எஃகுச் சட்டம், அதன்மேல் சிமெண்ட் பூச்சு. 2007-இல் வளைவின் அடிப்பக்கத்திலிருந்து அரை டன் பூச்சு பெயர்ந்து விழுந்தது. பிரித்துப் பார்த்துச் சீர்செய்தார்கள். நிலநடுக்கத்தில் ஆட்டத்தைக் குறைப்பதற்கு மேலே பெரிய எடை ஒன்றையும் வைத்து 2010-இல் பார்வையாளர்களுக்குத் திறந்தார்கள். வெளியிலிருந்து பார்த்தால் எதுவும் மாறியதாகத் தெரியாது. அப்படித் தெரியாமல் செய்ததுதான் எனக்குப் பெரிய விஷயமாகப் படுகிறது.

---

வைகைக்கரை எழுதியது:

எல்லாரும் அழகைப் பற்றிப் பேசுகிறீர்கள், சந்தோஷம். நான் மறுபக்கத்தில் இருக்கிறவன். 1962-இல் கட்டிய ஒரு மோட்டலை நானும் என் மைத்துனரும் பதினான்கு வருடமாக நடத்துகிறோம். 26 அறை. நெடுஞ்சாலை வெளியேறும் வழியிலிருந்து ஒன்றரை மைல் உள்ளே. ஒரு காலத்தில் அந்தச் சாலைதான் நெடுஞ்சாலை. பெரிய நெடுஞ்சாலை வந்ததும் வண்டிகள் அந்தப் பக்கம் போய்விட்டன. இதே கதை ஆயிரம் ஊரில் நடந்திருக்கும்.

தட்டைக்கூரை மழைக்கு ஒழுகும். வருடத்துக்கு இரண்டு முறை தார் பூச வேண்டும். வரவேற்பறை முழுக்க ஒற்றைக் கண்ணாடி. கோடையில் ஏசி ஓடிக்கொண்டே இருக்கும். முன்னால் அம்புக்குறி வடிவத்தில் ஒரு நியான் பலகை நிற்கிறது, எரிந்து ஏழெட்டு வருடமாகிறது. அதைக் கழற்றிவிட்டு எல்இடி பலகை வைக்க விலை கேட்டு வாங்கி வைத்திருக்கிறேன். இந்த நேரத்தில் யாராவது வந்து “இது வரலாறு, தொடாதே” என்றால், கூரைக்குத் தார் யார் பூசுவது? சண்டைக்காகக் கேட்கவில்லை. உண்மையாகவே தெரிந்துகொள்ளத்தான் கேட்கிறேன்.

---

தெருவிளக்கு எழுதியது:

நியாயமான கேள்வி அண்ணா. எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

முதலில் ஒரு பயத்தைப் போக்கிவிடலாம். தேசியப் பதிவேட்டில் பெயர் இருந்தாலும், தனியார் தன் பணத்தில் தன் கட்டடத்தை மாற்றுவதையோ இடிப்பதையோ அந்தப் பதிவு தடுக்காது. உள்ளூர்ச் சட்டங்கள்தான் கடினமானவை. அவையும் நாம் நினைக்கிற அளவுக்கு இல்லை. லாஸ் ஏஞ்சலஸில் நகர நினைவுச்சின்னம் என்று அறிவித்தாலும் இடிப்பதை 180 நாள் தள்ளிவைக்கலாம், நகரமன்றம் சொன்னால் இன்னும் 180 நாள். அவ்வளவுதான். அதற்குள் பேசி ஒரு வழி கண்டுபிடிக்க வேண்டும். 2015 ஜனவரியில் நார்ம்ஸுக்கு இடிப்பு அனுமதி வாங்கியது தெரிய வந்ததும், நகரின் பழைய கட்டடப் பாதுகாப்புச் சங்கத்தினர் ஓடிப்போய் நின்று மே மாதம் சின்னமாக அறிவிக்க வைத்தார்கள். ஐந்து மாதம்கூட ஆகவில்லை.

பணம் என்று வந்தால், பதிவேட்டில் உள்ள வருமானம் தரும் கட்டடத்தை முறைப்படி புதுப்பித்தால் செலவில் 20 சதவீதம் மத்திய வரியில் கழியும். கலிபோர்னியாவில் மில்ஸ் சட்டம் என்று ஒன்று 1972-இல் இருந்து இருக்கிறது. பராமரிக்கிறேன் என்று பத்து வருட ஒப்பந்தம் போட்டால் சொத்துவரி குறையும். உங்கள் மாநிலத்தில் என்ன இருக்கிறது என்று பார்க்க வேண்டும்.

---

வைகைக்கரை எழுதியது:

அந்த 20 சதவீதத்தை எங்கள் கணக்காளரிடம் கேட்டேன் தம்பி. புதுப்பிக்கும் செலவு, கட்டடத்தின் கணக்குப் புத்தக மதிப்பைத் தாண்டினால்தான் கிடைக்குமாம். பெரிய ஓட்டல்காரர் மொத்தமாகப் பணம் இறக்குவார், அவருக்குச் சரி. வருடம் ஒரு அறை என்று செய்கிறவனுக்கு அது எட்டாது. சட்டம் எழுதினவர்கள் என்னை மாதிரி ஆளை மனதில் வைக்கவில்லை.

---

பவழமல்லி எழுதியது:

வைகைக்கரை அண்ணா சொல்வதைக் கேட்டதும் எனக்கு வைல்ட்வுட்ஸ் ஞாபகம்தான் வருகிறது. நியூ ஜெர்சியின் தென்கோடிக் கடற்கரை. கோடையில் குழந்தைகளோடு போவோம். 50-களிலும் 60-களிலும் கட்டிய மோட்டல்கள் தெருத்தெருவாக. அங்கே கூகி என்று சொல்ல மாட்டார்கள், ‘டூ வொப்’ என்பார்கள். கரீபியன் மோட்டல் என்று ஒன்று, 1957-இல் லூ மோரி கட்டியது. மாடிக்குப் போக வளைந்து செல்லும் சாய்தளம், அறைகளுக்கு முன்னால் நீச்சல்குளம், சுற்றிலும் பிளாஸ்டிக் பனைமரங்கள். அந்த ஊர்ப் பனியில் நிஜமரம் நிற்காது என்பதால் அப்படி. முதலில் பார்த்தபோது எனக்குக் கூச்சமாகத்தான் இருந்தது. மூன்றாவது வருடம் போனபோது பெண் இறங்கியதும் ஓடிப்போய் ஒரு மரத்தைக் கட்டிக்கொண்டாள், “நம்ம மரம்” என்று.

2000-க்குப் பிறகு நிலவிலை ஏறியதும் மோட்டல்களை வரிசையாக இடித்து அடுக்குமாடி வீடு கட்டினார்கள். சில வருடத்தில் நூறு மோட்டலுக்கு மேல் போய்விட்டன என்பார்கள் ஊர்க்காரர்கள். 1997-லேயே அதற்கென்று ஒரு பாதுகாப்புக் கழகம் ஆரம்பித்திருந்தார்கள். எல்லாவற்றையும் காப்பாற்ற முடியாது என்று ஆனபோது, பலகைகளையாவது காப்பாற்றலாம் என்று இடிக்கிற இடங்களிலிருந்து நியான் பலகைகளைத் தூக்கி வந்தார்கள். சர்ஃப்சைடு என்ற பழைய உணவகத்தைக் கழற்றி எடுத்துவைத்து, வேறிடத்தில் திரும்பப் பூட்டி அதையே அருங்காட்சியகமாக்கினார்கள். கரீபியன் 2005-இல் பதிவேட்டில் ஏறியது, இன்றும் அறை கிடைக்கிறது.

அங்கே நிலைத்தவை எல்லாம், நடத்துகிறவர் பழமையையே தொழிலாக மாற்றிக்கொண்டவை. “1957 மாதிரியே இருக்கும்” என்பதற்காகவே மக்கள் வருகிறார்கள். அண்ணா, உங்கள் அம்புக்குறிப் பலகையைப் பார்க்காமல் நான் ஒன்றும் சொல்லக்கூடாது. ஆனால் கழற்றுவதற்கு முன் ஒரு படம் போடுங்கள்.

---

மின்மினி எழுதியது:

லாஸ் வேகஸிலிருந்து வணக்கம். இங்கே ஒரு பட்டறையில் நியான் குழாய் வளைக்கக் கற்றுக்கொண்டு நான்கு வருடமாகிறது.

இங்கே லா கோன்சா மோட்டல் என்று ஒன்று 1961-இல் கட்டினார்கள். வரவேற்பறை மட்டும் மூன்று சிப்பிகளை நிமிர்த்தி வைத்த மாதிரி மெல்லிய கான்கிரீட் ஓடு. மோட்டல் மூடி, நிலத்துக்கு வேறு திட்டம் வந்தபோது அந்த வரவேற்பறையை எட்டுத் துண்டாக அறுத்து 2006-இல் வண்டியில் ஏற்றி ஊரின் வடபக்கம் கொண்டு வந்தார்கள். 2012-லிருந்து நியான் அருங்காட்சியகத்தின் நுழைவாயில் அதுதான். பக்கத்தில் நின்று பார்த்தால் துண்டுகள் எங்கே சேர்ந்தன என்று கண் தேடும், கிடைக்காது.

அதை வடிவமைத்தவர் பால் ரெவியர் வில்லியம்ஸ். அமெரிக்கக் கட்டடக்கலைஞர் கழகத்தில் சேர்ந்த முதல் கறுப்பினத்தவர், 1923-இல். வெள்ளைக்கார வாடிக்கையாளர்கள் தன் பக்கத்தில் உட்காரச் சங்கடப்படுவார்கள் என்று, மேசைக்கு எதிர்ப்புறம் இருந்தபடியே அவர்கள் பார்வைக்கு நேராகத் தெரியும்படி படத்தைத் தலைகீழாக வரையப் பழகிக்கொண்டவர். 1960 மார்ச்சில் ஓர் உடன்பாடு வரும் வரை வேகஸின் முக்கியச் சாலையில் இருந்த பெரிய ஓட்டல்களில் கறுப்பினத்தவருக்கு இடம் கிடையாது. அடுத்த வருடம் அதே சாலையில் அவர் கட்டியது நின்றது. இந்தக் கட்டடங்கள் காட்டிய எதிர்காலம் எல்லாருக்கும் ஒரே நேரத்தில் திறக்கவில்லை. சிப்பியைப் பார்க்க வருகிறவர்களிடம் நான் முதலில் இதைத்தான் சொல்வேன்.

---

கோட்டோவியன் எழுதியது:

மின்மினி, மதிப்போடு கேட்கிறேன். அறுத்து வேறிடத்தில் ஒட்டியது அதே கட்டடமா? சாலையோரக் கட்டடம் என்றால் சாலையோடு சேர்ந்ததுதான். வேகமாக வருகிறவன் கண்ணில் படுவதற்காக வளைத்த கூரையை, நுழைவுச்சீட்டு வாங்கி நடந்து வருகிறவன் பார்க்கிறான். எனக்கு மனம் ஒப்பவில்லை.

---

மண்ணும்கம்பியும் எழுதியது:

இடிந்து தூசியாகப் போவதைவிட மேல் இல்லையா? டவுனியிலேயே இன்னொரு கதை இருக்கிறது. 1958-இல் திறந்த ஹார்வீஸ் பிராய்லர், பிறகு ஜானீஸ் பிராய்லர். 2001 கடைசியில் மூடிவிட்டார்கள். 2007 ஜனவரி 7, ஞாயிற்றுக்கிழமை. அலுவலகங்கள் எல்லாம் மூடியிருக்கும் நாள். அனுமதி இல்லாமல் இயந்திரத்தைக் கொண்டு வந்து இடிக்க ஆரம்பித்தார்கள். பார்த்தவர்கள் கூப்பிட்டுச் சொல்லி, நிறுத்துவதற்குள் பெரும்பகுதி போய்விட்டது. முன்பக்கமும் உயரமான பலகையும் மிஞ்சின. தெருவிளக்கின் கணக்குப்படி அதற்கு 49-ஆவது வயது நடந்துகொண்டிருந்தது.

மிஞ்சியதை வைத்து, இழந்ததைத் திரும்பக் கட்டி, 2009-இல் பாப்ஸ் பிக் பாய் பிராய்லர் என்று திறந்தார்கள். பொருளில் பெரும்பாலும் புதுசு. ஆனால் அதே இடம், அதே பலகை, அதே சாலை, காரை நிறுத்திச் சாப்பிடும் அதே பழக்கம். லா கோன்சாவில் பொருள் பழசு, இடம் வேறு. இரண்டில் எது உண்மை என்று கேட்டால் பிராய்லர் என்பேன். கணக்கு போடுகிறவன் இப்படிச் சொல்லலாமா என்று தெரியவில்லை, ஆனால் அங்கே போய் உட்கார்ந்தபோது எனக்கு அப்படித்தான் பட்டது.

---

பழையசோறு எழுதியது:

தம்பிகளா, எனக்கு எழுபத்தொன்று. சென்னையில் கதீட்ரல் சாலையில் உட்லண்ட்ஸ் டிரைவ்-இன் இருந்ததே, 1962-இல் வந்தது. காரிலேயே உட்கார்ந்து சாப்பிடுகிற அமெரிக்கப் பழக்கம் நம்மூரில் காபியும் தோசையுமாக மாறிய இடம். ஜன்னலில் தட்டை மாட்டிவிட்டுப் போவார்கள். கார் இல்லாத எங்களைப் போன்றவர்கள் உள்ளே மணிக்கணக்காக உட்காருவோம், ஒரு காபிக்கு எழுப்பிவிட்டதே இல்லை. 2008-இல் மூடினார்கள். இப்போது அங்கே செம்மொழிப் பூங்கா. பூங்கா நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் நண்பர்கள் நாலு பேரும் அதற்குப் பிறகு ஓரிடத்தில் சேர்ந்து உட்காரவே இல்லை. கட்டடத்தைப் பற்றி நீங்கள் பேசுகிறீர்கள், எனக்கு அந்த நாற்காலிதான் நினைவுக்கு வருகிறது.

---

தெருவிளக்கு எழுதியது:

ஐயா, நீங்கள் சொன்னதைப் படித்ததும் ஹாலிடே பவுலைப் பற்றி எழுதாமல் இருக்க முடியவில்லை.

போர்க்காலத்தில் ஜப்பானிய அமெரிக்கர்களை வீடு வாசலைவிட்டுக் கிளப்பி முகாம்களில் அடைத்தார்கள். திரும்பி வந்த அந்தச் சமூகத்தவர் முதல் போட்டு 1958-இல் கிரென்ஷாவில் இந்த பவுலிங் கூடத்தைத் தொடங்கினார்கள். ராத்திரி பகல் மூடாத கூடம். ஷிஃப்ட் முடிந்து அதிகாலையில் ஆட வருவார்கள். ஜப்பானியர், கறுப்பினத்தவர், வெள்ளையர் எல்லாரும் ஒரே காபிக்கடையில். உடோன் நூடுல்ஸும் தென்மாநிலத்துச் சோளக்கஞ்சியும் ஒரே பட்டியலில்.

வடிவமைத்தது ஆர்மெட் அண்ட் டேவிஸ். அங்கே இந்த வேலையைச் செய்தவர் ஹெலன் ஃபாங். லாஸ் ஏஞ்சலஸ் சைனாடவுனில் சலவைக்கடை வைத்திருந்தவர்களின் மகள், 1927-இல் பிறந்தவர். நார்ம்ஸ், வில்ஷயர் சாலை ஜானீஸ், விமான நிலையத்துப் பக்கம் இருக்கும் பான்ஸ் எல்லாவற்றிலும் அவர் கை இருக்கிறது. பான்ஸ் 1958-இலிருந்து இன்றுவரை ஒரே குடும்பத்தின் கையில். போய்ப் பாருங்கள். ஆமை ஓடு மாதிரிக் கூரை, முன்னால் செடிகொடி, உள்ளே மொசைக் தரை.

நான் காலையில் போகும் ஒரு பழைய கடையில் கவனித்த ஒன்றைச் சொல்கிறேன். கவுண்டர் முன்னால் இருக்கும் ஸ்டூலுக்குத் தரையில் கால் கிடையாது. கவுண்டரின் அடிச்சுவரிலிருந்தே ஓர் எஃகுக் கை நீண்டு வந்து இருக்கையைத் தாங்குகிறது. கூரை எப்படி நீட்டிக்கொண்டு நிற்கிறதோ அதே கணக்கு, உட்காருகிற இடத்திலும். ஒருநாள் ஆறு மணிக்கு நான்தான் முதல் ஆள். துடைக்கிற அம்மா துடைப்பத்தை ஒரு முனையில் வைத்து மறுமுனை வரை நேராக இழுத்துக்கொண்டு போனார். எங்கேயும் நிற்கவில்லை, குனியவில்லை, காலைச் சுற்றித் துடைக்கவில்லை. அறுபது வருடத்துக்கு முன்னால் வரைபலகையில் குனிந்திருந்த ஒருவர் இந்த அம்மாவின் முதுகை நினைத்திருக்கிறார். அன்றைக்கு எனக்குக் கண் கலங்கிவிட்டது.

ஹாலிடே பவுல் 2000-இல் மூடியது, 2003-இல் கூடத்தை இடித்தார்கள். மக்கள் போராடியதால் ரம்பக் கூரையோடு காபிக்கடைப் பகுதி மட்டும் நிற்கிறது. அதில் பெரிய நிறுவனம் ஒன்றின் காபிக்கடை வந்தது. கூரை பிழைத்தது. ஆனால் அதிகாலை ஆட்டக்காரர்களை எந்தச் சட்டமும் பதிவு செய்யவில்லை. தீம் பில்டிங்கிலும் உணவகம் 2013-இல் மூடிவிட்டது. வில்ஷயர் சாலை ஜானீஸ் 2000-இலிருந்து சமைக்கவே இல்லை. படப்பிடிப்புக்கு வாடகை விட்டார்கள், 2013-இல் சின்னமாக அறிவித்தார்கள், 2016-இல் ஒரு தேர்தல் பிரசாரத்துக்குக் கூட அலுவலகமாக இருந்தது. அடுப்பு எரியவில்லை. அதனால் நான் மண்ணும்கம்பியும் பக்கம். சுவர் எத்தனை சதவீதம் பழசு என்பதைவிட, அடுப்பு எரிகிறதா என்பதை நான் முதலில் பார்ப்பேன்.

---

கோட்டோவியன் எழுதியது:

அடுப்பு என்பதை ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஒரு திருத்தம். அடுப்பு எரிகிறது என்பதற்காகச் சுவரை மாற்றினாலும் பரவாயில்லை என்று போய்விட்டால் 1970-களில் நடந்ததுதான் நடக்கும். கண்ணாடியை அடைத்து, செங்கல் பதித்து, பழுப்புநிறச் சரிவுக்கூரையைத் தலையில் கவிழ்த்து, எத்தனையோ கூகி கடைகள் உயிரோடு இருந்தபடியே காணாமல் போயின. மெக்டொனால்ட்ஸும் புதுக்கடைகளுக்கு அந்தக் கூரைக்குத்தான் மாறியது. டவுனி தப்பியதற்குக் காரணம், அந்தக் கடைக்காரர் உரிமம் வாங்கியது மெக்டொனால்ட் சகோதரர்களிடம் நேரடியாக. பிறகு அந்தச் சகோதரர்களிடமிருந்து மெக்டொனால்ட்ஸை வாங்கிய ரே கிராக்கின் நிறுவனம் சொன்ன மாற்றங்களைச் செய்ய வேண்டிய கட்டாயம் அவருக்கு இல்லை.

---

வைகைக்கரை எழுதியது:

இரண்டு நாளாகப் படித்துக்கொண்டிருந்தேன். நேற்று ஏணி போட்டுப் பலகைக்கு மேலே ஏறினேன். பதினான்கு வருடத்தில் முதல் தடவை. கீழிருந்து பார்த்தால் வெறும் துரு. மேலே போய்த் துணியால் துடைத்தால் எனாமல் பூச்சு அப்படியே இருக்கிறது, நல்ல கிளிப்பச்சை. அதன்மேல் யாரோ வெள்ளை அடித்திருக்கிறார்கள், அதன்மேல் நீலம். அம்பின் முனையில் குழாய் உடைந்திருக்கிறது, மற்றது முழுசாகத்தான் தெரிகிறது. கீழே இரும்புப் பெட்டிக்குள் டிரான்ஸ்ஃபார்மர் இருக்கிறது.

பதிவேட்டுக்கெல்லாம் இப்போது விண்ணப்பிக்கப் போவதில்லை. கூரை வேலைதான் முதலில், அதில் மாற்றமில்லை. எல்இடிக்காரரிடம் மட்டும் அடுத்த கோடை வரை பொறுக்கச் சொல்லியிருக்கிறேன். மின்மினி, டிரான்ஸ்ஃபார்மருக்கு மின்சாரம் கொடுத்துப் பார்க்கலாமா?

---

மின்மினி எழுதியது:

கொடுக்காதீர்கள்! அதிலிருந்து வெளியே வருவது 15,000 வோல்ட் வரை போகும். ஏழெட்டு வருடம் மழையில் கிடந்த கம்பியின் உறை நொறுங்கியிருக்கும். நியான் தெரிந்த ஆள் வந்து பார்க்கும் வரை அந்தப் பெட்டியின் சுவிட்சை இறக்கிப் பூட்டி வையுங்கள்.

முழுசாக இருக்கிற குழாய்களைக் கழற்ற வேண்டாம். பழுது பெரும்பாலும் கம்பியிலோ டிரான்ஸ்ஃபார்மரிலோ இருக்கும், குழாய் நன்றாக இருக்கும். உடைந்ததை மட்டும் புதிதாக வளைக்கலாம். அதற்கு அளவு வேண்டும். அம்பின் முனையில் ஒரு பெரிய தாளை ஒட்டி, குழாயைப் பிடித்திருந்த கண்ணாடித் தாங்கிகளின் இடத்தையும், இரண்டு பக்கமும் மின்கம்பி உள்ளே போகிற ஓட்டைகளையும் பென்சிலால் குறித்துக்கொள்ளுங்கள். அளவு மாற்றாமல் அதே தாளைச் சுருட்டி அனுப்பினால் போதும், நாங்கள் அதை மறுபக்கம் திருப்பிப் போட்டு அதன்மேல் வைத்துத்தான் வளைப்போம். உடைந்த துண்டு ஏதாவது பெட்டிக்குள் விழுந்திருக்கிறதா என்று பாருங்கள். சிவப்பா நீலமா என்று அதை வைத்துச் சொல்லிவிடலாம். நீலமாக இருந்தால் உள்ளே பாதரசம் இருந்திருக்கும், கையுறை போட்டு எடுங்கள்.

அப்புறம், அந்தக் கிளிப்பச்சையைச் சுரண்ட வேண்டாம். எந்தக் கரைசலில் மேல்பூச்சு மட்டும் கழலும் என்று பட்டறையில் கேட்டு நாளைக்கு எழுதுகிறேன்.

---

பவழமல்லி எழுதியது:

அண்ணா, படம்!

---

வைகைக்கரை எழுதியது:

வெயில் தாழட்டும் அம்மா, மைத்துனரை ஏணியைப் பிடிக்கச் சொல்லி எடுத்துப் போடுகிறேன்.